பர்னாந்து என்ற பெயர் வந்த வழி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் தூத்துக்குடியைப் பற்றி வந்த கட்டுரையில் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து அவர்களின் பெயருக்கு முன்னால் 'போர்த்துக்கீசிய வம்சாவளியினரான' என்று ஓர் அடைமொழி இருந்தது. 1927இல் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரை நகருக்குக் கொண்டுவந்த அந்த நகரசபைத் தலைவரை இன்றைய பிள்ளைகளுக்கு நினைவூட்டியதற்கு மனமார்ந்த நன்றி. ஆனால் அந்த அடைமொழி தவறு. அவர் முத்துக்குளித்துறைப் பரதவர். தலைமுறை தலைமுறையாகக் கடலோடு வாழ்ந்த தமிழ்ச் சமூகத்தில் பிறந்தவர்.

எங்கள் கரையில் பிறந்தவர்களுக்கு இது பழகிப்போன சங்கடம். மகனின் சான்றிதழுக்காக நான் போயிருந்த ஓர் அலுவலகத்தில், "நீங்க ஆங்கிலோ இந்தியனா?" என்று கேட்டார்கள். இல்லை என்று சொன்ன பிறகும் நம்பவில்லை. விண்ணப்பத்தில் இருந்த பர்னாந்துவையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். படித்தவர்கள் நடத்தும் பத்திரிகையிலும் அதே எண்ணம் அச்சாகும்போது பேசாமல் இருக்க மனம் வரவில்லை. அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

1530களில் முத்துக்குளிப்பு உரிமையை ஒட்டி எழுந்த பகையில் பரதவர்கள் நெருக்கடிக்கு ஆளாகி, போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடினார்கள். அவர்களின் தூதுக்குழு ஒன்று கொச்சிக்குப் போய் ஞானஸ்நானம் பெற்றது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கரையோர ஊர்களில் ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. இந்த யோசனையை அவர்களுக்குச் சொன்னவர் ஜோவாவ் த குரூஸ் என்ற குதிரை வணிகர். பெயரைப் பார்த்து அவரையும் ஐரோப்பியர் என்று நினைத்துவிடக் கூடாது. கள்ளிக்கோட்டை மன்னரான சாமூதிரியின் ஆளாக 1513இல் லிஸ்பனுக்குப் போய், அங்கே கிறித்தவரான மலபார்க்காரர் அவர். எங்கள் கரையின் கதையில் வரும் முதல் குரூஸே இந்த மண்ணில் பிறந்தவர்தான்.

ஞானஸ்நானத்தின்போது ஒரு புனிதரின் பெயர் கிடைக்கும். ஞானத்தகப்பனாக, அதாவது முழுக்குப் பெறுபவருக்குப் பொறுப்பாளராக நின்ற போர்த்துக்கீசியக் கப்பல்காரரோ, சிப்பாயோ, வணிகரோ தம் குடும்பப் பெயரையும் சேர்த்துக் கொடுப்பார். பர்னாந்து, ரொட்ரிகோ, கோமஸ், மச்சாது, மோத்தா, வாஸ், மிராண்டா, கர்வாலோ, ரோச் என எங்கள் தெருக்களில் நிறைந்திருக்கும் பெயர்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் இடையே இருந்தது ஞான உறவு, இரத்த உறவு அல்ல. ஒரே ஞானத்தகப்பன் பல குடும்பங்களுக்கு நின்றிருக்கலாம். அதனால்தான் ஒரே தெருவில் ஒட்டும் உறவும் இல்லாத பர்னாந்து வீடுகள் பல இருக்கின்றன. பர்னாந்து வீட்டுப் பெண்ணை இன்னொரு பர்னாந்து வீட்டில் கட்டிக்கொடுப்பதும் எங்களிடம் சாதாரணம்.

புனித சவேரியார் 1542இல்தான் இந்தக் கரைக்கு வந்தார். தெற்கே திருவிதாங்கூர்க் கரையில் முக்குவர்கள் என்ற மீனவர்களுக்கு அவர் ஞானஸ்நானம் கொடுத்த விதத்தை 1545 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் விவரிக்கிறார். முழுக்குக் கொடுத்ததும் ஒவ்வொருவருக்கும் அவரவர் புதுப் பெயரை எழுதிக் கையில் கொடுப்பாராம். ஆண்கள் வீட்டுக்குப் போய் மனைவி மக்களை அனுப்பிவைப்பார்கள். அவர்களுக்கும் அதே போல. ஈரத் தலையோடு நின்று, தன் பெயர் எழுதிய துண்டைக் கையில் வாங்கியவர்களை நினைத்துப் பார்க்கிறேன். எங்கள் பரம்பரைக்குப் பெயர் வந்ததும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும்.

இன்னொரு சான்றும் உண்டு. 1554இல் லிஸ்பனில் தமிழ் மறைக்கல்வி நூல் ஒன்று ரோமன் எழுத்தில் அச்சானது. அந்தப் பணியைச் செய்தவர்கள் அங்கே தங்கியிருந்த மூன்று தமிழர்கள். அவர்களின் பெயர்கள் விசெந்தே த நாசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமா த குரூஸ். பரதவர் முழுக்குப் பெற்று இருபது ஆண்டுகூட ஆகாத காலம் அது. பெயரை மட்டும் வைத்து வம்சம் சொல்கிறவர்கள் அந்த மூவரையும் போர்த்துக்கீசியர் என்றே எழுதியிருப்பார்கள். தமிழ் அச்சு வரலாற்றில் நமக்குரிய மூன்று பேர் போயிருப்பார்கள்.

பர்னாந்து என்ற பெயரின் வேரையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினும் போர்த்துக்கலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பத்தை ஒரு காலத்தில் ஆண்ட விசிகோத்தியரின் ஜெர்மானிய மொழியிலிருந்து வந்தது இது. போர்த்துக்கலில் பெர்னாந்தோ என்பது ஆளின் பெயர். பெர்னாந்தஸ் என்றால் பெர்னாந்தோவின் மகன், அதுதான் அங்கே குடும்பப் பெயர். கோவாவிலும் மங்களூரிலும் அந்த வடிவமே நிலைத்தது. 1974 ரயில்வே வேலைநிறுத்தத்தை நடத்திய, பின்னாளில் பாதுகாப்பு அமைச்சரான ஜார்ஜ் பெர்னாண்டஸ் மங்களூர்க்காரர். எங்கள் கரையிலும் இலங்கையிலும் பெர்னாந்தோ என்ற ஆள் பெயரே குடும்பப் பெயராக ஊன்றிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. உவரியிலும் கச்சத்தீவிலும் கொழும்பு கொச்சிக்கடையிலும் நம் மக்கள் உருகி உருகி வேண்டும் புனித அந்தோணியார், 1195இல் லிஸ்பனில் பிறந்தபோது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் பெர்னாந்தோ. துறவறத்தில்தான் அந்தோணி ஆனார். எங்கள் ஊரில் அந்தோணி பர்னாந்து என்று யாரையாவது கூப்பிட்டால் அந்தப் புனிதரின் இரண்டு பெயர்களையும் சேர்த்துச் சொல்கிறோம்!

முன்னால் வரும் பெயர்களையும் பாருங்கள். இராயப்பன், சின்னப்பன், அருளப்பன், சூசை, பனிமயம் எல்லாம் பீட்டரையும் பவுலையும் ஜானையும் யோசேப்பையும் மாதாவையும் தமிழாக்கி வைத்த பெயர்கள். பங்குக் கோயிலின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் என் தாத்தாவின் பதிவைப் பார்த்தேன். நூல் பிரிந்த கனமான புத்தகம். சாமியார் லத்தீனில் எழுதிய வரிக்கு நடுவே 'சூசை' என்ற ஒலியைப் பிடிக்க முயன்ற எழுத்துகள், பக்கத்தில் பர்னாந்து. ஞானத்தகப்பன், ஞானத்தாய் என்று எழுதியிருந்த இருவருமே எங்கள் ஊர்க்காரர்கள். டச்சுக்காரர்கள் 1658இல் தூத்துக்குடியைப் பிடித்துப் போர்த்துக்கீசியரை அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு இத்தனை காலமும் இந்தப் பெயரை வைத்துக் காப்பாற்றியது நாங்கள்தான். பரதவர்களின் தலைவர்களான பாண்டியபதிகளும் தொன், தெ குரூஸ், வாஸ், கோமஸ் என்பவற்றோடு பரதவர்ம பாண்டியன் என்பதையும் சேர்த்தே தங்கள் பெயரை எழுதினார்கள்.

கடலுக்கு அந்தப் பக்கம் இந்தப் பெயர் இன்னும் விரிந்தது. இலங்கையில் கரையோரச் சிங்களக் கராவ மக்கள், நீர்கொழும்பு, கொழும்புப் பரதர்கள், கத்தோலிக்கர், பௌத்தர் என எல்லோரிடமும் பெர்னாண்டோ உண்டு. 1966 முதல் 1973 வரை தலைமை நீதியரசராக இருந்த எச்.என்.ஜி. பெர்னாண்டோ, 2024இல் அதே பதவிக்கு வந்த முர்து பெர்னாண்டோ, கொழும்புப் பேராயராக இருந்த நிக்கலஸ் மார்க்கஸ் பெர்னாண்டோ, பாடகர் சி.டி. பெர்னாண்டோ, வேகப்பந்து வீச்சாளர் தில்ஹார பெர்னாண்டோ என்று அடுக்கிக்கொண்டே போகலாம். 2008 ஏப்ரலில் வெலிவேரியாவில் குண்டுவெடிப்பில் இறந்த அமைச்சர் ஜெயராஜ் பெர்னாண்டோபுள்ளேயின் பெயரில் பர்னாந்துவும் பிள்ளையும் ஒட்டிப் பிறந்திருக்கின்றன. 2001இல் ஜிம்பாப்வேக்கு எதிராக 19 ஓட்டங்களுக்கு 8 விக்கெட் எடுத்த சமிந்த வாஸின் முழுப்பெயர் வர்ணகுலசூரிய என்று தொடங்கி, எங்கள் ஊர்களிலும் இருக்கும் வாஸில் முடிகிறது. இவர்களில் யாரையும் இலங்கைப் பத்திரிகைகள் போர்த்துக்கீசிய வம்சாவளி என்று எழுதுவதில்லை.

நம் பக்கத்தில் பலரின் குடும்பப் பெயர் வெளியே தெரியாமலே போய்விட்டது. நடிகர் ஜே.பி. சந்திரபாபு தூத்துக்குடிக்காரர். ஜே.பி. என்பது ஜோசப் பனிமயதாஸ். பனிமய மாதாவின் பெயர். குடும்பப் பெயர் ரொட்ரிகோ. அவருடைய தந்தை விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர். சந்திரபாபுவைத் தமிழர் அல்ல என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா? சென்னை மாகாண அமைச்சராக இருந்த ஜே.எல்.பி. ரோச் விக்டோரியாவையும், இலங்கை அரசாங்க சபையில் இந்தியத் தமிழருக்காகப் பேசிய ஐ.எக்ஸ். பெரேராவையும் இதே வரிசையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பத்திரிகையில் ஒரு முறை அச்சானது பிறகு பள்ளிக் கட்டுரைகளிலும் விழா மலர்களிலும் அப்படியே எடுத்தெழுதப்படுகிறது. ஆகவே குரூஸ் பர்னாந்து அவர்களைப் பற்றிய அந்த வரியை அடுத்த இதழிலேயே திருத்தி வெளியிட வேண்டுகிறேன். கூடவே, வேம்பாரிலிருந்து மணப்பாடு வரையுள்ள பங்குக் கோயில்களின் பதிவேடுகளைப் பற்றித் தங்கள் நிருபர் ஒருவர் நேரில் வந்து எழுதினால், எந்தெந்த ஊரில் எதைப் பார்க்கலாம் என்று காட்ட நான் கூட வருகிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகர்,
மணப்பாடு