திருப்புதலுக்கு ஒரு கடிதம் போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தேர்வுக்கு முன்னால் பிள்ளைகள் ஆங்கிலத்தை எப்படித் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இலக்கணத்துக்கு நீளமான பட்டியல், கடிதத்துக்கு இரண்டு மாதிரி, உச்சரிப்புக்கு ஒரே ஒரு வரி. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குப் பல வருடமாக ஆங்கிலம் எடுக்கிறவள் நான், ரொம்ப நாள் நானும் இப்படித்தான் நடத்தினேன், அதனால் எழுதியவரைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் இந்த மூன்றையும் தனித்தனிப் பாடமாகப் பிரித்து வைத்துத் திருப்பினால் எதுவும் பிள்ளைகளிடம் ஒட்டுவதில்லை என்பதை வகுப்பில் பார்த்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

விடுமுறைக் கடிதம் எழுதச் சொன்னால் வகுப்பு முழுக்க 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்றுதான் எழுதும். அக்கா கல்யாணத்துக்காக மூன்று நாள் லீவு கேட்க வேண்டிய ஒரு பையனும் அதையே எழுதிக்கொண்டு வந்தான். உனக்குக் காய்ச்சலே இல்லையே, ஏன்ப்பா இப்படி எழுதினாய் என்று கேட்டேன். "கல்யாணத்துக்கு என்ன எழுதணும்னு சொல்லித் தரலையே மிஸ்" என்றான். அன்று முழுக்க மனசே சரியில்லை. அத்தனை வருடம் ஆங்கிலம் படித்த பிள்ளைக்குத் தன் வீட்டு விஷயத்தைச் சொல்ல ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை என்றால் தப்பு அவனுடையதா, ஒரே மாதிரியைத் திரும்பத் திரும்பக் கொடுத்த எங்களுடையதா?

அதற்குப் பிறகு திருப்புதல் நாட்களில் மாதிரிக் கடிதம் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். யாரிடமாவது நிஜமாகவே கேட்க வேண்டியது, சொல்ல வேண்டியது எதுவோ அதை எழுதச் சொல்கிறேன். கடிதத்தின் அமைப்பைச் சொல்லித்தர பத்து நிமிடம் போதும். பெயர் எழுதாமல் 'டியர் சார்' என்றோ 'டியர் மேடம்' என்றோ தொடங்கினால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி', பெயரைச் சொல்லி அழைத்திருந்தால் 'யுவர்ஸ் சின்சியர்லி', இது பிரிட்டிஷ் வழக்கம். 'யுவர்ஸ்' என்ற சொல்லில் மேலே அந்தச் சின்னக் குறி, அதாவது அப்பாஸ்ட்ரஃபி, வராது. நண்பனுக்கு எழுதும்போது 'ஐ'ம்', 'டோண்ட்' என்று சுருக்கலாம், அலுவலகக் கடிதத்தில் விரித்து எழுத வேண்டும். அவ்வளவுதான்.

இலக்கணம் அந்தக் கடிதத்துக்குள்ளேயே கிடைக்கிறது. தனியாகப் பயிற்சித்தாள் தேட வேண்டியதில்லை. ஒரு பெண், 'அம்மா வருவேன் என்று சொன்னார்' என்பதை 'மை மதர் செட் தட் ஐ வில் கம்' என்று எழுதியிருந்தாள். படிக்கிறவருக்கு அம்மா வருவதாகத் தெரியாது, மகள் வருவதாகத்தான் தெரியும். இது கவனக்குறைவு இல்லை. தமிழில் ஒருவர் சொன்னதை அப்படியே வைத்து 'என்று' சேர்த்துவிட்டால் வாக்கியம் முடிந்தது, ஆங்கிலத்தில் 'ஐ' என்பது 'ஷி' ஆக வேண்டும், 'வில்' என்பது 'வுட்' ஆக வேண்டும். நேர்கூற்று, அயற்கூற்று என்று நூறு வாக்கியம் மாற்ற வைத்தபோது புரியாதது, யார் வருகிறார்கள் என்ற அந்தக் குழப்பத்தில் வகுப்புக்கே புரிந்துவிட்டது.

இப்போது உச்சரிப்புக்கு வருகிறேன். கட்டுரையில் எனக்குப் பெரிய மனக்குறை இதில்தான். மதிப்பெண் இல்லை என்பதால் திருப்புதலில் முதலில் வெட்டுப்படுவது இதுதான். ஆனால் மதிப்பெண் குறையும் பாதி இலக்கணப் பிழைகள் காதில் தொடங்குகின்றன என்று நான் நினைக்கிறேன். 'யெஸ்டர்டே ஐ வாக் டு ஸ்கூல்' என்று எழுதுகிற பிள்ளைக்கு இறந்தகாலம் தெரியாமல் இல்லை, 'வாக்ட்' என்ற சொல்லின் கடைசியில் இருக்கிற அந்த ஒலி அவன் காதில் விழவே இல்லை. விழாததை எப்படி எழுதுவான்?

அந்த 'இ, டி' விகுதிக்கு மூன்று ஒலி உண்டு. 'வாக்', 'ஸ்டாப்' போன்றவற்றுக்குப் பின்னால் 'பட்டம்' என்பதில் வருகிற வல்லென்ற ட. 'ப்ளே', 'கால்' போன்றவற்றுக்குப் பின்னால் 'படம்' என்பதில் வருகிற ட. 'வாண்ட்', 'நீட்' போல ஏற்கெனவே அந்த ஒலியில் முடிகிற சொல்லுக்கு மட்டும் 'இட்' என்று ஓர் அசை கூடும். இது தெரியாமல்தான் 'ஸ்டாப்பெட்', 'வாக்கெட்' என்று இழுக்கிறார்கள். வாய்விட்டு ஐந்து நிமிடம் சொல்லிப் பார்த்தாலே சரியாகிவிடும். 'ஆன் ஹவர்', 'எ யுனிவர்சிட்டி' என்பதும் அப்படித்தான். எழுத்தைப் பார்த்து 'எ', 'ஆன்' போடுகிற பிள்ளை இரண்டிலும் தவறும், ஒலியைக் கேட்கிற பிள்ளை தவறாது. ஆக, ஆர்ட்டிகிள் பாடத்தில் ஒரு பகுதி உச்சரிப்புப் பாடம்தான்.

புத்தக ஓரத்தில் ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதி வைத்துப் படிக்கும் பழக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். 'பார்க்' என்று எழுதினால் பூங்காவா, நாய் குரைப்பதா? நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ப. ஆனால் பிள்ளையின் வாயில் இரண்டு ஒலியும் இருக்கின்றன. 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள், முதல் ப வேறு, இரண்டாவது ப வேறு. அதைக் காட்டிக் கொடுத்தால் அகராதியில் இருக்கும் ஒலிக்குறிகள் மேல் பயம் போய்விடும். அந்தக் குறிகளை உருவாக்கிய சங்கத்தை 1886-ல் பாரிசில் தொடங்கியவர்களே மொழி ஆசிரியர்கள்தான், வகுப்பறைக்காக வந்த விஷயம் அது. ஆங்கிலத்தில் எழுத்து 26, ஒலி ஏறத்தாழ 44, பிறகு எழுத்தைப் பார்த்து உச்சரிப்பது எப்படி முடியும்? 'டெட்' என்றால் கடன், அதன் நடுவில் ஒரு 'பி' சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதை யாரும் உச்சரித்ததில்லை, லத்தீன் மூலத்தை நினைவுபடுத்துவதற்காகப் படித்தவர்கள் பின்னால் நுழைத்தது என்று சொன்னால், அந்தச் சொல்லின் ஸ்பெல்லிங்கைப் பிள்ளைகள் மறப்பதே இல்லை.

வகுப்பில் செய்வது இதுதான். முதல் நாள் கடிதம் எழுதுவார்கள். பக்கத்தில் இருப்பவர் தாளைப் பார்க்காமல் கேட்க, எழுதியவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். புரியாத இடத்தில் கேட்பவர் கையைத் தூக்குவார், அங்கே அடிக்கோடு. பெரும்பாலும் விகுதி விழுங்கப்பட்ட இடமாகவோ காலம் மாறிய இடமாகவோ இருக்கும். மறுநாள் திருத்தி எழுதுவார்கள், ஒரு வாரம் கழித்து அதையே இன்னொரு முறை படிப்பார்கள். நான் ஒரு நேரத்தில் ஒரு வகைப் பிழையைத்தான் திருத்துவேன், தாள் முழுக்கச் சிவப்பாகிவிட்டால் பிள்ளை அதைத் திரும்பப் பார்க்காது.

அப்புறம் பெற்றோருக்கு ஒன்று. எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று ஒதுங்க வேண்டாம். பிள்ளை படிக்கும்போது எதிரே உட்கார்ந்து கேளுங்கள், சொல்லின் கடைசி ஒலி காதில் விழுகிறதா என்று மட்டும் கவனியுங்கள், விழவில்லை என்றால் இன்னொரு தரம் படிக்கச் சொல்லுங்கள், போதும்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த இதழிலிருந்து மாதிரிக் கடிதங்களுக்குப் பதிலாக, பிள்ளைகள் தாங்களே எழுதிய ஒரு கடிதத்தைப் பெயர் போடாமல், முதலில் எழுதியபடியும் திருத்தி எழுதியபடியும் பக்கத்தில் பக்கத்தில் வெளியிடுங்கள். அந்தப் பையன் பிறகு எழுதிய கல்யாணக் கடிதம் என்னிடம் இருக்கிறது, அவனும் சரி என்று சொல்லிவிட்டான், கேட்டால் அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஓர் ஆங்கில ஆசிரியை