கேமுக்கும் வயது உண்டு: வன்னியின் வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கு

மதிப்புக்குரிய பணிப்பாளர்களுக்கு,

போன வாரம் பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அதிகாரி, பிள்ளைகள் கேமில் கிடந்து கெட்டுப்போவதற்கு முழுக் காரணமும் தாய் தகப்பன்தான் என்று நெடுநேரம் பேசிவிட்டுப் போனார். எங்களுக்குப் பொறுப்பு இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பொறுப்பை எப்படிச் செய்வது என்று அவர் ஒரு வசனம்கூடச் சொல்லவில்லை.

எங்கள் ஒழுங்கையில் ஒரு தாய், கணவர் இல்லை, கார்மென்ட்ஸ் வேலை, விடியமுன் பஸ் ஏறினால் பொழுதுபட்டுத்தான் வீடு. 2020 இல் பள்ளிக்கூடம் பூட்டி ஒன்லைன் வகுப்பு தொடங்கியபோது தோட்டை அடகு வைத்து வாங்கிய போன்தான் இன்னும் அங்கே இருக்கிறது. ஆறாம் வகுப்பு மகன் அதில் ஜீ.டி.ஏ. சான் அன்ட்ரியாஸ் என்ற, ஆட்களைச் சுடுவதும் அடிப்பதும் நிறைந்த கேமை விளையாடுகிறான். ஐரோப்பாவில் 18, அமெரிக்காவில் 17 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஏற்றதல்ல என்று குறித்திருக்கும் கேம் அது. தாய்க்கோ அது கார் ஓடும் கேம், அவர் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் கார்தான் ஓடும். போனைப் பறிக்கலாம்தானே என்பீர்கள். வீட்டுவேலை வட்ஸ்அப்பில்தான் வருகிறது, தனியே இருக்கும் பிள்ளை அவசரத்துக்கு அம்மாவைக் கூப்பிடவும் அதுதான்.

தவணைக்கு ஒரு தடவை அரை மணித்தியாலம் ஒதுக்கி, தகவல் தொழில்நுட்ப ஆசிரியரைக் கொண்டு, பெற்றோர் கையிலுள்ள போனிலேயே காட்டித் தாருங்கள். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு கேமுக்கும் 3, 7, 12, 16, 18 என்று வயது போட்டிருக்கிறது. செட்டிங்ஸில் ஒரு இரகசிய இலக்கம் போட்டுவிட்டால் வயதுக்கு மிஞ்சியதை அங்கிருந்து இறக்க முடியாது. பக்கத்தில் இருந்து யாராவது காட்டினால் ஐந்து நிமிட வேலை. ஆனால் போன் கடையில் காசு கொடுத்து மெமரி கார்டில் ஏற்றி வரும் கேமை அந்தப் பூட்டு தடுக்காது, அதையும் சொல்ல வேண்டும். அந்த வீட்டுக்குச் சான் அன்ட்ரியாஸ் வந்தது அந்த வழியால்தான்.

பெறுபேறு குறைந்தாலும் பெற்றோர், பிள்ளை இடைவிலகினாலும் பெற்றோர், இப்போது கேமுக்கும் பெற்றோர். 2009 இல் யுத்தம் முடிந்த பிறகு தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்துகொண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிய சனத்தைப் பார்த்து அக்கறை இல்லை என்று சொல்ல எப்படி மனம் வந்தது? சரி, கோபத்தில் கூடக் கதைத்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது அந்த அரை மணித்தியாலத்தைத்தான்.

தயவுசெய்து அதை ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள். வேலைநாளில் காலை பத்து மணிக்கு வைத்தால் அந்தத் தாயால் வர முடியாது, ஒருநாள் லீவு எடுத்தாலே அவருடைய வரவுக் கொடுப்பனவு வெட்டுப்படும்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
கிளிநொச்சி