சியாட்டிலில் இருக்கும் ரவிக்கு

அன்புள்ள ரவிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து சொட்டு மருந்தையும் நிறுத்தியாயிற்று. எதிர் வீட்டுக் காரின் நம்பர் பிளேட் இப்போது தெரிகிறதாம், தினமும் எனக்கு ஒரு தடவை படித்துக் காட்டுகிறார். கறிவேப்பிலைச் செடி இந்த வருஷமும் பனியில் கருகிவிட்டது. ஆஸ்டினிலிருந்து அக்கா வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். தம்பி போன் பண்ணினானா என்று கேட்டாள். அவனுக்கு வேலை ஜாஸ்தி என்று சொல்லி வைத்தேன்.

போன வாரம் ஜுரமென்று குட்டி பள்ளிக்கூடம் போகவில்லையே, அன்றைக்கு மத்தியானம் வாட்ஸ்அப்பில் என்னைக் கூப்பிட்டு அவள் வரைந்த படத்தைக் காட்டினாள். பின்னால் சோபாவில் உட்கார்ந்து நீ துணி மடித்துக்கொண்டிருந்தாய். என் முகம் தெரிந்ததும் கையிலிருந்த துண்டோடு எழுந்து போய்விட்டாய். செவ்வாய்க்கிழமை மத்தியானம் துணி மடிக்கக் கூடாது என்று சட்டமா என்ன? நான் எதுவும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

காலையில் வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. இரண்டு இட்லியாவது, பிரெட்டாவது சாப்பிட்டுவிட்டுக் குடி.

அப்பா கராஜைச் சுத்தம் செய்கிறேன் என்று கிளம்பியிருக்கிறார். பாதிப் பெட்டிகள் வாசலில் கிடக்கின்றன. ஒன்றில் உன் ஆயிலர்ஸ் சட்டை இருந்தது, அந்தக் காலத்து நம் ஹூஸ்டன் அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் சட்டை. அந்த இளநீலம், முதுகில் பெரிய 1, அக்குளில் நான் வேறு நிற நூலால் போட்ட தையல். கோயிலில் பழைய துணி சேர்க்கிறார்கள், கொடுத்துவிடலாமா, குட்டிக்கு அனுப்பட்டுமா, சொல்.

அந்த 1-ஆம் நம்பர் போட்டு ஆயிலர்ஸுக்குப் பந்து எறிந்த வாரன் மூனைப் பற்றி உனக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1990 டிசம்பரில் கேன்சஸ் சிட்டிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் எறிந்தே 527 யார்டு, அந்த சீசனில் மொத்தம் 4,689 யார்டு, 33 டச்டவுன் (கோல் மாதிரி) என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் திருக்குறள் மாதிரி ஒப்பிப்பாய். நீ படித்ததெல்லாம் எண்கள். எனக்கு அவருடைய அம்மாவைப் பற்றிப் படித்ததுதான் மனசில் நிற்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் நர்ஸ் வேலை பார்த்த அம்மா. பையனுக்கு 7 வயசாக இருக்கும்போதே அப்பா போய்விட்டார். ஆறு பெண்களுக்கு நடுவே ஒரே பையன். அம்மாவுக்கு ஒத்தாசையாகச் சமைக்க, துணி தைக்க, இஸ்திரி போட எல்லாம் கற்றுக்கொண்டானாம். உயர்நிலைப் பள்ளியில் ஒரே ஒரு விளையாட்டுதான் என்று வைத்துக்கொண்டான், ஏனென்றால் மிச்ச மாதங்களில் வேலைக்குப் போயாக வேண்டும். அப்படி வளர்ந்தவர் அம்மா பார்த்துவிட்டாள் என்று துண்டைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க மாட்டார்.

நீ இருக்கும் ஊரில்தான் அவர் கல்லூரி ஆட்டம் ஆடினார். வாஷிங்டன் பல்கலைக்கழக மைதானத்துக்கு என்னை ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனாயே, ஏரி தெரியும் என்று மேல்வரிசைவரை ஏறவைத்தாய். முட்டி வலி இரண்டு நாள் இருந்தது. அந்த மைதானத்தில் சொந்த ஊர்க்காரர்களே அவரைக் கூச்சல் போட்டு அவமானப்படுத்தியிருக்கிறார்கள். அணியும் தோற்றுக்கொண்டிருந்தது, அவர் கறுப்பினத்தவர் என்பதும் சேர்ந்துகொண்டது. அதே பையன் 1978 ஜனவரியில் ரோஸ் பௌல் என்ற பெரிய கல்லூரி ஆட்டத்தில் மிச்சிகனை 27-20 என்று ஜெயித்துக் கொடுத்து, அன்றைய சிறந்த ஆட்டக்காரர் என்று பெயரும் வாங்கினார்.

அதற்குப் பிறகும் அவரைக் குவார்ட்டர்பேக் என்று, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர் என்று எடுத்துக்கொள்ள அமெரிக்காவின் பெரிய லீக்கான என்.எஃப்.எல்-லில் ஆள் இல்லை. வேறு இடத்தில் ஆடு என்றார்கள். கறுப்பினத்தவர் ஓடுவார்கள், பந்தைப் பிடிப்பார்கள், நடுவில் நின்று யோசித்து ஆட்டத்தை நடத்த மாட்டார்கள் என்பது அந்தக் காலத்து அணிக்காரர்களின் நினைப்பு. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் பெயர் படித்து எடுக்கும் தேர்வு நாள்வரை அவர் காத்திருக்கவில்லை. முன்னாடியே கனடாவில் எட்மண்டன் அணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அப்புறம் நடந்த தேர்வில் 12 சுற்று, முந்நூறுக்கும் மேல் பெயர்கள் படித்தார்கள். அவர் பெயர் இல்லை.

எட்மண்டன் குளிர் உனக்குத் தெரியும். அங்கே 1978-லிருந்து 82 வரை ஐந்து வருஷமும் அவர் அணிக்குத்தான் கனடா லீக்கின் கிரே கப் கோப்பை. 83-ல் கோப்பை இல்லை, ஆனால் 5,648 யார்டு எறிந்தார். கனடா கோப்பை என்றால் கணக்கில் வராது என்று உன் சிநேகிதன் ஒருவன் நம் வீட்டு மேஜையிலேயே உட்கார்ந்து பேசுவான். எனக்கு அப்போதே பிடிக்காது, தோசை மட்டும் வைத்துவிட்டுப் போய்விடுவேன். ஐந்து வருஷம் தொடர்ந்து ஜெயிப்பது எந்த ஊரில் ஜெயித்தால் என்ன? பெரிய பெயர் உள்ள இடம் நம்மை வேண்டாம் என்றால், பெயர் தெரியாத இடத்தில் போய் வேலை செய்கிறது. ஊர் சின்னதாக இருந்தால் வாடகையும் குறைச்சல். பொதுவாகச் சொல்கிறேன்.

84-ல் ஹூஸ்டனுக்கு வந்தார். எட்மண்டனில் இருந்த கோச் ஹியூ கேம்பெல்லும் இங்கே வந்திருந்தார். வந்தவுடன் எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் வருஷம் 16 ஆட்டத்தில் 3 வெற்றி, அடுத்த இரண்டு வருஷமும் ஐந்து ஐந்து. 86-ல் 13 டச்டவுன், 26 இன்டர்செப்ஷன், எதிராளி பிடித்துக்கொண்ட பந்துகள். நீ ஒப்பிக்கிற பட்டியலில் அந்த வருஷம் மட்டும் இருக்காது. எண்ணெய் விலை பீப்பாய்க்குப் பத்து டாலர் பக்கம் இறங்கிய வருஷமும் அதுதான். ஆயிலர்ஸும் தோற்றது, ஆயிலும் தோற்றது என்று கோயிலில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு வேலை போயிருந்தது. நம் தெருவிலேயே பல வீடுகளில் விற்பனை போர்டு.

அந்த வருஷம் அப்பா என்ன செய்தார் என்பது உனக்குத் தெரியும். டை கட்டிக்கொண்டு போனது, நூலகத்து வாசலில் உன் அக்காவே பார்த்துவிட்டு வந்து சொன்னது, எல்லாம். எனக்கு அதற்கு முன்பே தெரியும். ஆபீஸ் நாட்களில் சாப்பாட்டு டப்பா கழுவி வரும். அந்த மாதங்களில் கழுவாமல், ஓரத்தில் தயிர் சாதம் காய்ந்து ஒட்டிக்கொண்டு வரும். காரிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்குத் தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கப்போகிறது. நான் கேட்கவில்லை, ராத்திரி ஊற வைத்துத் தேய்த்தேன். நம் வீட்டு ஆண்களுக்கு இது ஒரு வியாதி.

உனக்கு அது இருக்கிறது என்று 1993 ஜனவரி 3-ஆம் தேதியே எனக்குத் தெரிந்துவிட்டது.

பஃபலோ அணியோடு நடந்த அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசினால் இன்னும் உனக்குக் கோபம் வரும், தெரியும். கொஞ்சம் பொறுத்துப் படி. முதல் பாதியில் மூன் எறிந்த 22-ல் 19 போய்ச் சேர்ந்தது, நாலு டச்டவுன். பாதி முடியும்போது 28-3. திரும்பி வந்ததும் நம் ஆள் ஒருவர் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடி 35-3. நீ சமையலறைக்கு ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டு குதித்தாய், கரண்டி மாவோடு கீழே விழுந்தது. அவர்களுடைய குவார்ட்டர்பேக் ஜிம் கெல்லி காயத்தால் ஆடவில்லை, மாற்று ஆட்டக்காரர் ஃபிராங்க் ரைக்தான் நின்றார். பயப்பட ஒன்றுமில்லை என்று அப்பாவும் தூங்கப் போய்விட்டார். நான் அடுத்த ஈடு தோசை கொண்டுவருவதற்குள் 35-17, அப்புறம் 35-24, 35-31. நீ கீழே, டிவிக்கு ரொம்பப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். கண் கெட்டுவிடும் என்று சொல்ல வாய் வரவில்லை. கடைசி நிமிஷத்தில் 38-38 ஆக்கி, கூடுதல் நேரத்தில் பந்தும் முதலில் நமக்கே கிடைத்து, மூன் எறிந்ததை அவர்கள் பிடித்துவிட்டார்கள். 41-38. டிவியை நீயே அணைத்தாய். தோசை ஆறிப்போய் விறைத்திருந்தது, அதை ஒரு வார்த்தை பேசாமல் முழுசாகச் சாப்பிட்டாய். அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று ராத்திரி கும்பகோணத்துக்குப் போன் போட்டோம். பாட்டிக்கு ஃபுட்பால் என்றால் காலால் உதைப்பது என்றுதான் எண்ணம், ஆனாலும் பேரனுக்காக, உன் கட்சி ஜெயித்ததா கண்ணா என்று கேட்டாள். நீ, "ஜெயிச்சாச்சு பாட்டி" என்றாய். குரல் கொஞ்சம்கூட மாறவில்லை. அப்பாவும் நானும் பக்கத்தில்தான் நின்றோம். பாட்டி கடைசிவரை அந்த வருஷம் நீங்கள்தான் ஜெயித்தீர்கள் என்று நினைத்துக்கொண்டே போய்ச்சேர்ந்தாள்.

அந்த ஆட்டத்தோடு மூன் முடிந்துபோய்விட்ட மாதிரி பேசுவார்கள். அடுத்த சீசனில் 16-ல் 12 ஜெயித்து, ஜனவரியில் கேன்சஸ் சிட்டியிடம் சொந்த மைதானமான ஆஸ்ட்ரோடோமிலேயே தோற்றார்கள். உடனே அவரை மின்னசோட்டாவுக்குத் தள்ளிவிட்டார்கள். அவர் விட்டுப் போன வருஷம் ஆயிலர்ஸ் 2 ஆட்டம் ஜெயித்து 14 தோற்றது. எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்தான், யாரிடமும் சொன்னதில்லை. மின்னசோட்டாவில் இரண்டு வருஷம் 4,200 யார்டுக்கு மேல் எறிந்தார். பிறகு சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு இரண்டாவது ஆளாக இரு என்றார்கள், மாட்டேன் என்றார், விட்டுவிட்டார்கள். அப்போது 40 வயசு. சியாட்டிலில் என்ன ஆயிற்று? அங்கேயும் முதலில் மாற்று ஆட்டக்காரர்தான், சரி என்று போனார். முன்னால் இருந்தவருக்கு முதல் ஆட்டத்திலேயே அடிபட, இவர் இறங்கி அந்த வருஷம் 25 டச்டவுன். ஒரு இடத்தில் மாட்டேன் என்றதை இன்னொரு இடத்தில் சரி என்றாரே, அது ஏன் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. ஒருவேளை அந்த ஊர் தன்னை ஒரு காலத்தில் கூச்சல் போட்ட ஊர் என்பதாலோ என்னவோ. 44 வயசில்தான் ஆட்டத்தை விட்டார். 2006-ல் கேன்டனில் ஃபுட்பால் மேதைகளுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள், நவீன காலத்துக் கறுப்பினக் குவார்ட்டர்பேக்குகளில் அவர்தான் முதல். சூப்பர் பௌல் இறுதி ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை. அது வேறு.

உனக்கு 43தான் ஆகிறது.

ஆபீஸை விட்டு வந்த பிறகும் பழைய இன்சூரன்ஸையே வைத்துக்கொள்ள கோப்ரா என்று ஒரு ஏற்பாடு இருக்கிறதாமே. 60 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் கிடைக்காதாம். கோயிலில் ஒரு மாமி பேசிக்கொண்டிருந்தாள், அவள் மருமகனுக்காக. காதில் விழுந்தது, எழுதுகிறேன். வீட்டை விற்கிற யோசனை யாருக்காவது வந்தால் அவசரப்பட வேண்டாம் என்றும் அவள்தான் சொன்னாள். ப்ரியாவிடம் நீ எல்லாம் சொல்லியிருப்பாய் என்று நம்புகிறேன். அவளுடைய குரலில் ஒன்றும் தெரியவில்லை, நம் வீட்டுக்கு வந்து அவளும் கற்றுக்கொண்டுவிட்டாள் போலிருக்கிறது. நல்ல பெண்.

உன்னைப் பற்றிக் கேட்கிறவர்களிடம் நான் என்ன சொல்கிறேன் என்று கவலைப்படாதே. ரவி நன்றாக இருக்கிறான், பெண்ணைத் தானே பள்ளிக்கூடம் கொண்டுவிடுகிறான், துணிகூட மடிக்கிறான் என்கிறேன். அவர்கள் பிள்ளைகள் யாரும் மடிப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. ஐந்து நிமிஷம் போதும், வானிலை பேசினாலும் போதும். வெறும் வயிற்றில் காபி வேண்டாம்.

இதோடு ஒரு செக் வைத்திருக்கிறேன். குட்டிக்குப் பல்லில் கம்பி போடுவதைத் தள்ளிவைத்திருக்கிறோம் என்று ப்ரியா சொன்னாள், ஏன் என்று நான் கேட்கவில்லை. செக்கில் கம்பிக்கு என்று எழுதியிருக்கிறேன், அதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று இல்லை. போன தடவை மாதிரி டிராயரில் போட்டு வைக்காதே, பேங்கில் போடு.

அன்புடன்,
அம்மா

பி.கு. அப்பாவிடம் செக்கைப் பற்றிப் பேசாதே. உன் விஷயம் அவருக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று ஸ்டாம்ப் எடுக்கப் போனால் ஒன்று குறைகிறது, அவருடைய செக் புத்தகமும் மேஜைமேல் கிடக்கிறது. அங்கிருந்தும் ஒரு கவர் வந்தால் அதையும் பேங்கில் போடு, அம்மா ஏற்கெனவே அனுப்பிவிட்டாள் என்று அவரிடம் சொல்ல வேண்டாம்.