பங்க் உரிமையாளர்களே, உங்கள் காற்று மீட்டரைக் கொஞ்சம் பாருங்கள்

பெட்ரோல் பங்க் உரிமையாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

திருச்சி பைபாஸ் பக்கம் டயர் கடை வைத்திருக்கிறேன். இருபது வருடமாக டயர் கழற்றுகிறேன். தேய்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தாலே அந்த வண்டியில் எவ்வளவு காற்று இருந்திருக்கும் என்று தெரிந்துவிடும்.

போன மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் காரைக் கொண்டுவந்தார். டயர்கள் 20,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. நடுவில் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடு) நன்றாக இருக்கிறது, இரண்டு ஓரமும் மொட்டை. முன்பக்க ரிம் ஒன்று விளிம்பில் வளைந்து காற்று கசிந்துகொண்டிருந்தது. "காத்தே பார்க்க மாட்டீங்களா சார்?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் வாடிப்போனது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஒரே பங்கில், தவறாமல் 33 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) பிடித்து வந்திருக்கிறார். முந்தின நாள்கூடப் பிடித்திருக்கிறார். ஆனால் கசியாத மற்ற மூன்று டயரிலும் என் மீட்டர் 26தான் காட்டியது. அவரோடு அந்தப் பங்குக்கே போய் ஒத்துப் பார்த்தேன். அங்கே இருந்த மீட்டர் 7 பிஎஸ்ஐ கூட்டிக் காட்டுகிறது. எந்தப் பங்க் என்று எழுதப் போவதில்லை. வேண்டுமென்று செய்ததாகவும் நான் நினைக்கவில்லை. மீட்டரைத் தரையில் போட்டுப் போட்டு எடுத்தால் அது சரியாகக் காட்டாது, அவ்வளவுதான்.

ஆனால் அந்த 7 பிஎஸ்ஐ செய்த வேலையைப் பாருங்கள். காற்று குறைந்த டயரின் நடுப்பகுதி உள்வாங்கிக்கொள்ளும். வண்டியின் பாரம் முழுக்க இரண்டு ஓரத்தில்தான் இறங்கும். காற்று கூடினால் இதற்கு நேர்மாறு, நடு மட்டும் தேயும். கார் டயரில் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றியே ஆக வேண்டும். அவருடைய டயரில் நடுவில் பாதிக்கு மேல் ரப்பர் மிச்சம் இருந்தும் நான்கையும் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. ரிம் போனதும் இதே காரணத்தால்தான். குழியின் விளிம்பில் சக்கரம் மோதும்போது அடியை வாங்கிக்கொள்வது உள்ளே இருக்கும் காற்று. அது போதாவிட்டால் டயர் நசுங்கி, ரிம் நேராகப் போய் இடிக்கும். இரும்பு ரிம் என்றால் வளையும், அலாய் என்றால் விரிசலே விடும். ரிம்முக்கும் குழி விளிம்புக்கும் இடையில் சிக்கும் ரப்பரில் உள்நூல் அறுந்து பக்கவாட்டில் கொப்புளம் கிளம்பும். அந்த டயரோடு நெடுஞ்சாலையில் 100-ல் போவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

இன்னொன்றும் அடிக்கடி பார்க்கிறேன். தூரத்திலிருந்து ஓடி வந்த வண்டியில் டயர் சூடாக இருக்கும், மீட்டர் நான்கைந்து பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அது சூட்டினால் ஏறியது. காற்று பிடிப்பவர் அதைப் பார்த்துவிட்டு "அதிகமா இருக்கு சார்" என்று இறக்கி விடுகிறார். மறுநாள் காலை டயர் ஆறியதும் அந்த நான்கைந்து குறைந்திருக்கும். வெயில் காலம் என்று இரண்டு குறைத்து வைப்பதும் தப்புதான். காற்று குறைந்தால் டயர் அதிகமாக நெளியும், நெளிந்தால் இன்னும் சூடாகும்.

இலவசக் காற்று எண்ணெய் நிறுவனங்கள் உங்களுக்கு விதித்திருக்கும் கடமை என்பது உங்களுக்கே தெரியும். நான் கேட்பது அது சரியான காற்றாக இருக்க வேண்டும் என்பதுதான். மீட்டரை மாதம் ஒருமுறை நல்ல மீட்டரோடு ஒத்துப் பாருங்கள். கம்ப்ரசர் தொட்டியில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்து விடுங்கள், அந்த ஈரம் டயருக்குள் போனால் ரிம் துருப்பிடிக்கும். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அந்த வண்டிக்கான அளவு இருக்கும், அதைப் பார்த்துப் பிடிக்கச் சொல்லிக் கொடுங்கள். டயர் மேல் அச்சடித்திருப்பது அதிகபட்ச அளவு, அதை வைக்கக் கூடாது. "எவ்வளவு தூரம் ஓடி வருது?" என்று ஒரு வார்த்தை கேட்கவும் சொல்லுங்கள். அப்புறம், காற்று பிடிப்பவருக்குச் சம்பளம் கொடுங்கள். பல இடங்களில் அந்தப் பெரியவர் வண்டிக்காரர் தரும் பத்து ரூபாயை நம்பித்தான் வெயிலில் நிற்கிறார். அவரிடம் நிதானமாக வேலை செய்யுங்கள் என்று எப்படிச் சொல்வது?

என் கடையில் சரிபார்த்த மீட்டர் ஒன்று இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பங்குகள் எதுவானாலும் உங்கள் மீட்டரைக் கொடுத்தனுப்புங்கள், ஒத்துப் பார்த்துத் தருகிறேன். காசு வேண்டாம். ஞாயிறு மதியம் வரை கடை திறந்திருக்கும்.

இப்படிக்கு,
ஒரு டயர் கடைக்காரன்