கூடு கட்டும் மாதங்களில் குட்டைக்கரைப் புதர்களை வெட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் செம்பனைத் தோட்டங்களை ஒட்டிக் கிடக்கும் பழைய ஈயக் குட்டைகளின் (வெள்ளீயம் தோண்டிய பள்ளங்களில் நீர் தேங்கியவை) கரைகளில், வெயில் ஏறத் தொடங்கும் மே மாத வாக்கில், புதர்களையும் கோரையையும் இயந்திரம் கொண்டு அடியோடு மழித்துவிடுகிறார்கள். பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலம் அது என்பதால் இதனை எழுதுகிறேன்.

வடக்கிலிருந்து வந்து தங்கியிருந்த உள்ளான்களும் தகைவிலான்களும் பெரும்பாலும் திரும்பிவிட்ட நிலையில், அண்மையில் ஒரு நாள் காலை முதல் மாலை வரை இக்கரைகளில் நடந்தேன். கோரைக்குள் செந்நாரை அசையாமல் நின்றது. மலாய்க்காரர்கள் ருவாக்-ருவாக் என்றழைக்கும் கானாங்கோழி, கரிய குஞ்சுகளை அழைத்துக்கொண்டு புதரிலிருந்து புதருக்கு ஓடியது. நீர்ப்பக்கம் சாய்ந்திருந்த மரமொன்றில் தூக்கணாங்குருவிகள் கூடு பின்னிக்கொண்டிருந்தன. ஆண் குருவி புல்லின் ஓரத்தை அலகால் கடித்து, நீண்ட நாராகக் கிழித்தெடுத்து வந்து பின்னுகிறது. பாதிக் கூடு முடிந்ததும் பெண் குருவி வந்து பார்த்து ஏற்றுக்கொண்டால்தான், கீழ்நோக்கித் தொங்கும் நுழைவுக் குழலைக் கட்டி முடிக்கிறது. இந்த நாருக்கான புல்லும் குட்டைக்கரையில்தான் வளர்கிறது.

மணல் மேடுகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஈயம் எடுத்தபின் கொட்டிய அந்த மணலில்தான் பஞ்சுருட்டான்கள் வளை தோண்டி முட்டையிடுகின்றன. தேனீயைப் பிடித்த பறவை உடனே விழுங்குவதில்லை. கிளையில் அடித்து, கொடுக்கை நன்றாகத் தேய்த்த பின்னரே தின்கிறது. இதைப் பக்கத்திலிருந்து காண்பது எத்தனை பெரிய மகிழ்ச்சி! ஆனால் அதே மேட்டின் மறுபுறத்தில் மண்வாரி இயந்திரத்தின் தடமும், இடிந்து மூடிய வளைகளும் தெரிந்தன.

பாம்புக்கு அஞ்சிக் குடியிருப்பை ஒட்டிய பகுதியைச் சுத்தம் செய்வது நியாயமே. ஆள் நடமாட்டமில்லாத கரையை ஏன் மழிக்க வேண்டும் என்பதே என் கேள்வி. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருந்தாலும், எந்தப் புதரில் கூடு இருக்கிறது என்று வெட்டும் தொழிலாளிக்குக் காட்டிக்கொடுப்பார் யாருமில்லை. எலிகளைக் கட்டுப்படுத்தச் செம்பனை மரங்களுக்கிடையே கூகைகளுக்குப் பெட்டி வைக்கும் தோட்ட நிர்வாகங்கள், பறவையின் பயனை அறியாதவை அல்ல.

ஆகவே, மார்ச் முதல் ஜூலை வரை குட்டைக்கரைகளில் புதர் வெட்டுவதையும் களைக்கொல்லி தெளிப்பதையும் மணல் அள்ளுவதையும் நிறுத்திவைக்குமாறு தோட்ட நிர்வாகங்களையும் மாவட்ட அதிகாரிகளையும் கேட்டுக்கொள்கிறேன். அதன் பிறகு வெட்டினாலும், நீரோரமாகச் சில அடி அகலத்திற்குக் கோரையை விட்டுவைக்கலாம்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மே மாத இரண்டாவது சனிக்கிழமை உலக வலசைப் பறவைகள் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்கா வரை போக வண்டி வசதியில்லாத பிள்ளைகளை, அன்று காலை வெயில் ஏறுமுன் தக்க பாதுகாப்புடன் இக்கரைகளுக்கே அழைத்து வாருங்கள். கூடுகளை நெருங்காமல் தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்