அக்கா, நான் இங்கே என்ன வேலை பார்க்கிறேன் என்றால்

கலிஃபோர்னியா
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீயும் அத்தானும் அம்மாவும் நலம்தானே? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று பெரியவன் படம் அனுப்பியிருந்தான். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திண்ணையில் அம்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை மட்டும் நாள் தவறாமல் விடுங்கள். நன்றாகத் தெரிகிறது என்று அம்மாவே நிறுத்திவிடப் போகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாய், "பாடம் எடுக்கிறதை விட்டுட்டு டீன் ஆகி நாலு வருஷமாச்சே, அப்படி என்னதான் வேலை பார்க்கிறே?" என்று. கல்யாண வீட்டில் யாரோ, "அமெரிக்கா போயும் யூனிவர்சிட்டியில வேலை கிடைக்கலையா உன் தங்கச்சிக்கு" என்று கேட்டதையும் சொன்னாய். அது செமஸ்டர் தொடங்குவதற்கு முந்தின நாள், பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. இப்போது முதல் வாரம் முடிந்துவிட்டது. சாவகாசமாக எழுதுகிறேன், நீயும் சாவகாசமாகப் படி.

முதலில் இந்தக் கம்யூனிட்டி காலேஜ் என்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம்ம ஊர் பாலிடெக்னிக்கும் இல்லை, ஆர்ட்ஸ் காலேஜும் இல்லை. இரண்டு வருஷப் படிப்பு. முடித்தவர்கள் பல்கலைக்கழகத்தில் நேராக மூன்றாம் ஆண்டில் போய்ச் சேரலாம், அல்லது நர்ஸிங் மாதிரி ஒரு தொழிலுக்குப் போகலாம். 1901இல் இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில் ஓர் உயர்நிலைப் பள்ளியை ஒட்டித்தான் முதல் அரசுக் கல்லூரி இப்படித் தொடங்கியது. கலிஃபோர்னியாவில் முதலாவது, நாங்கள் இருக்கிற இதே பள்ளத்தாக்கில், ஃப்ரெஸ்னோவில், 1910இல் வந்தது. இன்றைக்கு மாநிலத்தில் 116 கல்லூரிகள், ஏறக்குறைய 20 லட்சம் மாணவர்கள். பள்ளி முடித்த எவருக்கும் இடம் உண்டு. முடிக்காவிட்டாலும் 18 வயதாகியிருந்து, படிப்பால் பயன் பெறக்கூடியவர் என்றால் சேர்த்துக்கொள்ளலாம் என்று சட்டமே சொல்கிறது. பாடத்தின் அளவை இங்கே யூனிட் கணக்கில் சொல்வார்கள். கட்டணம் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். ஐந்து யூனிட் கெமிஸ்ட்ரி பாடத்துக்கு 230 டாலர் ஆகும். வசதி இல்லாதவர்களுக்கு அதுவும் தள்ளுபடி.

கல்யாண வீட்டில் கேட்டவரிடம் இதைச் சொல். பல்கலைக்கழகத்தில் யாரை உள்ளே விடலாம் என்று பார்ப்பதற்கே ஒரு தனி ஆபீஸ் இருக்கும். எங்கள் கல்லூரியில் வாசலுக்கு வந்தவர்கள் எல்லோருமே உள்ளே வந்தவர்கள்தான். எனக்கு இந்த இடம் பிடித்துத்தான் இருக்கிறது அக்கா. வேறு வழியில்லாமல் இங்கே இருக்கவில்லை.

சரி, என் வேலை. கணக்கு, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், பயாலஜி, ஜியாலஜி, வானவியல் எல்லாம் சேர்ந்தது ஒரு டிவிஷன். அதற்கு நான் பொறுப்பு. எந்தப் பாடம், எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த அறையில், யார் எடுப்பது என்பதில்தான் என் வருஷம் முழுக்கப் போகிறது. டைம்டேபிள் போடுவது என்று நீ சிரிப்பாய். உன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் காலை ஒன்பது மணிக்கு வந்து நாலரைக்குப் போகிறார்கள். இங்கே அப்படி இல்லை. ஒருத்தன் காலை நாலு மணிக்கு வேலைக்குப் போய்விட்டு மதியம் வருவான். ஒருத்தி பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து, பள்ளி விடுவதற்குள் திரும்பிப் போகணும். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி லேபை மதியம் ஒரு மணியிலிருந்து ஐந்து மணிக்கு மாற்றினால் யார் டாக்டர் படிப்புக்குப் போகலாம், யார் போக முடியாது என்பதே மாறிவிடும். இந்த வேலைக்கு வந்த முதல் வருஷம் இது எனக்குப் புரியவில்லை. அறை காலியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துப் போட்டேன். அந்த வருஷம் எத்தனை பேருக்கு வழி அடைத்தேனோ என்று இப்போதும் மனசில் உறுத்துகிறது.

போன வாரம் நடந்ததைக் கேள். எஞ்சினியரிங் போகிறவர்களுக்கு பிசிக்ஸ் மூன்றாவது பாடம் ஒன்று உண்டு. அதில் ஒன்பது பேர்தான் சேர்ந்திருந்தார்கள். அரசாங்கப் பணம் பெரும்பாலும் தலை எண்ணிக்கையை வைத்துத்தான் வருகிறது. செமஸ்டர் தொடங்கி மூன்று நான்கு வாரம் கழித்து ஒருநாள் கணக்கெடுப்பார்கள். அதனால் மேலிடத்தில், ஒன்பது பேருக்கு ஒரு வாத்தியாரா, ரத்து செய்துவிடு என்றார்கள். அவர்கள் பக்கமும் தப்பில்லை, பட்ஜெட் அவர்கள் கையில். ஆனால் அந்தப் பாடம் வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். ரத்து செய்தால் ஒன்பது பேரும் ஒரு வருஷம் காத்திருக்கணும், காத்திருக்கிறவர்களில் பாதிப் பேர் திரும்ப வரமாட்டார்கள். ஒன்பது பேரின் பாடப் பட்டியலையும் அச்செடுத்துக்கொண்டு போய், ஒவ்வொருவரும் எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எப்போது போகணும் என்று வரிசையாகக் காட்டினேன். வகுப்பு நடக்கிறது. அதற்குப் பதிலாக வேறு ஒரு பாடத்தில் ஒரு பிரிவை நான் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அது எந்தப் பிரிவு என்பதை முடிவு செய்ய இரண்டு ராத்திரி தூக்கம் போயிற்று.

வகுப்பு ரத்தானால் வாத்தியாருக்கும் அடிதான். இங்கே பாதிக்கு மேல் பார்ட் டைம் ஆசிரியர்கள். நம்ம ஊர் அரசுக் கல்லூரி கௌரவ விரிவுரையாளர்களை நினைத்துக்கொள். ஒரு கல்லூரி ஒருவருக்கு முழு வேலையில் 67 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் காலையில் ஒரு ஊர், மாலையில் ஒரு ஊர் என்று காரிலேயே ஓடுவார்கள். நானும் ஐந்து வருஷம் ஓடினேன். நீ அறியாத ஒன்றைச் சொல்கிறேன். சின்னவள் பிறந்த வருஷம், நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில், வகுப்பு தொடங்க இரண்டு நாள் முன்னால் ரத்து என்று ஒரு வரியில் ஈமெயில் வந்தது. அந்தச் சம்பளத்தை நம்பித்தான் அம்மாவுக்கு டிக்கெட் எடுப்பதாக இருந்தோம். உன்னிடம், "அம்மாவுக்கு விசா தள்ளிப்போகுது" என்று சொன்னேனே, அது பொய். இப்போது அந்த ஈமெயிலை அனுப்புகிறவரின் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். யாருடைய வகுப்பையாவது ரத்து செய்ய வேண்டி வந்தால் நானே போனில் கூப்பிட்டுச் சொல்கிறேன். முடிந்தால் வேறு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் கூப்பிடுகிறேன்.

அப்புறம் லேப். நம் காலேஜில் கிப்ஸ் அபாரட்டஸிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் வந்துகொண்டே இருக்கும், நாம் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு சால்ட் அனாலிசிஸ் செய்வோம், ஞாபகம் இருக்கிறதா? இங்கே அப்படி ஒருநாள் நடந்தால் எனக்கு வேலை போய்விடும். கண்ணில் அமிலம் தெறித்தால் கழுவுவதற்கு ஒவ்வொரு லேபிலும் ஒரு குழாய் உண்டு. இமையை விரித்துப் பிடித்தபடி 15 நிமிஷம் தொடர்ந்து கழுவுகிற மாதிரி தண்ணீர் வரணும். வாரம் ஒருமுறை திறந்து ஓடவிட்டுப் பார்த்து, தொங்குகிற அட்டையில் தேதியும் கையெழுத்தும் போடணும். கோடை முழுக்கப் பூட்டிக் கிடந்த ஒரு லேபில் எங்கள் டெக்னீஷியன் அம்மா அதைத் திறந்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். முதலில் துருத் தண்ணீர் செக்கச்செவேல் என்று வந்தது. அந்த அம்மா கையை உள்ளே நீட்டியபடி, நிறம் போகும்வரை, குளிர் சரியாகும்வரை, ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். பிறகு அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த குழாய்க்குப் போனார். அன்றைக்குப் பதினொரு குழாய். டிவிஷனை நடத்துகிறவர் யார் என்று கேட்டால் அந்த அம்மாவைத்தான் காட்டுவேன்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். கணக்கு. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முன்பெல்லாம் இங்கே சேருகிறவர்கள் கம்ப்யூட்டரில் ஒரு தேர்வு எழுதணும். அதில் வாங்குகிற மதிப்பெண்ணை வைத்து எந்தக் கணக்கு வகுப்பில் உட்காரணும் என்று முடிவு செய்வார்கள். கீழே விழுந்தால் கூட்டல், பின்னம். அடுத்தது அல்ஜீப்ராவுக்கு முன்பாடம். அடுத்தது தொடக்க அல்ஜீப்ரா. அடுத்தது இடைநிலை அல்ஜீப்ரா. இந்த நாலையும் தாண்டினால்தான் கல்லூரிக் கணக்கு. அரியர் என்று நாம் சொல்வோமே, ஒரு பேப்பர்கூட எழுதாமல் முதல் நாளே நாலு அரியர் வைத்த மாதிரி. நீ கணக்கு டீச்சர், நீயே போட்டுப்பார். ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு எழுபது பேர் தேறினால்கூட, நாலு படி தாண்டும்போது மிஞ்சுவது 24 பேர். நடுவில் வேலை மாறி, பிள்ளை பிறந்து, கார் ரிப்பேராகி நின்றுபோனவர்களை இதில் சேர்க்கவில்லை. நானும் அப்போது, பாவம், அடித்தளம் சரியில்லாத பிள்ளைகள், கீழிருந்து வரட்டும் என்றுதான் நினைத்தேன். நல்லது செய்வதாகவே நினைத்தேன்.

2017இல் ஏபி 705 என்று ஒரு சட்டம் வந்தது. பள்ளிக்கூட மதிப்பெண்ணைப் பார், ஒரு வருஷத்துக்குள் கல்லூரிக் கணக்கை முடிக்க எந்த வழியில் வாய்ப்பு அதிகமோ அந்த வழியில் உட்கார வை என்றது. 2019 ஆகஸ்ட் செமஸ்டரிலிருந்து நேராகக் கல்லூரிக் கணக்கு, கூடவே தடுமாறுகிறவர்களுக்கு ஒரு துணை வகுப்பு. நம்ம ஊரிலும் 2006இல் சட்டம் போட்டு நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டு, பிளஸ் டூ மார்க்கே போதும் என்றார்களே. பெரியவன் அப்படித்தானே எஞ்சினியரிங் போனான். தேர்வு இல்லாவிட்டால் தரம் போய்விடும் என்று அப்போது நம் தெருவில் கேட்ட அதே பேச்சை இங்கேயும் கேட்டேன்.

வியாழக்கிழமை ஒரு பெண் என் அறை வாசலில் வந்து நின்றார். நாற்பதை நெருங்குகிற வயது. இங்கே ஆகஸ்டில் பாதாம் அறுவடை. மெஷின் மரத்தைப் பிடித்து உலுக்கும், காய் மழை மாதிரி கொட்டும், ஊரே புழுதியாக இருக்கும். அவர் புருவத்தில், காது மடலில் எல்லாம் அந்தப் புழுதி. கையில் எட்டாக மடித்த ஒரு பழைய தாள். 2009இல் எழுதிய தேர்வின் முடிவு. அதில் அவருக்குக் கிடைத்தது பின்ன வகுப்பு. ஒரு செமஸ்டர் படித்துத் தேறி, அடுத்ததில் பாதியில் நின்றுவிட்டார். பதினாறு வருஷமாக அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறார் அக்கா. நர்ஸ் ஆகணும் என்று வந்தவர், இந்தத் தாளின்படி விட்ட இடத்திலிருந்து தொடங்கணுமா என்று கேட்டார். இது இப்போது தேவையில்லை, நேராகக் கல்லூரிக் கணக்கான ஸ்டாட்டிஸ்டிக்ஸுக்கே போகலாம் என்றேன். அவர் நம்பவில்லை. இரண்டு தடவை கேட்டார். பிறகு அந்தத் தாளை மறுபடி அதே மடிப்பில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். துணை வகுப்பு அவருடைய ஷிஃப்டோடு மோதியது. சாயங்காலப் பிரிவுக்கு மாற்றிக் கொடுத்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இந்த வருஷத்திலிருந்து, அறிவியல், எஞ்சினியரிங் போகிறவர்களை முடிந்தவரை நேராகக் கால்குலஸிலேயே உட்கார வைக்கணும் என்கிறது அடுத்த சட்டம். எங்கள் கணக்கு ஆசிரியர்கள் இரண்டுபட்டு நிற்கிறார்கள். முப்பது வருஷம் பாடம் எடுத்த ஒருவர், "மூழ்கப் போகிற பிள்ளைகளை நான் எண்ணிக்கொண்டு நிற்கணுமா" என்று கண் கலங்கிக் கேட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஸ்டாட்டிஸ்டிக்ஸில் பலித்தது கால்குலஸிலும் அப்படியே பலிக்கும் என்று எனக்கும் உறுதியில்லை. துணை வகுப்பு நேரத்தைக் கூட்டியிருக்கிறேன், அந்த வகுப்புகளுக்கு இருப்பதிலேயே நல்ல ஆசிரியர்களைப் போட்டிருக்கிறேன். என்னால் ஆனது அதுதான்.

இதில்தான் உன் உதவி வேணும். துணை வகுப்பில், கால்குலஸ் நடத்துகிற நேரத்திலேயே மைனஸ் அடையாளத்தையும் பின்னத்தையும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது, அதுவும் வளர்ந்தவர்களுக்கு. எங்கள் ஆசிரியர்கள் கெட்டிக்காரர்கள், ஆனால் கணக்கு வராமல் பயந்த பிள்ளையிடம் பேசிப் பழக்கம் இல்லாதவர்கள். நீ ஏழாம் வகுப்புக்குப் புளியங்கொட்டையை வைத்துக்கொண்டு, கடன் வாங்கியவன் கடனை யாரோ தள்ளுபடி செய்தால் அவன் கையில் கூடுகிறதா குறைகிறதா என்று கேட்பாயே, மைனஸை எடுத்தால் ஏன் பிளஸ் ஆகிறது என்பதற்கு. அதை நீ எந்த வரிசையில் சொல்வாய், எந்த இடத்தில் பிள்ளைகள் முழிப்பார்கள், அப்போது என்ன கேட்பாய் என்று எழுதி அனுப்பு. பின்னத்துக்கு முதல் படியாக என்ன செய்வாய் என்பதையும் எழுது. போனில் சொல்லாதே, உன் கையெழுத்தில் எழுதிப் படம் எடுத்து அனுப்பு. நான் மொழிபெயர்த்து வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் கொடுக்கிறேன்.

பொங்கலுக்கு இருக்க முடியாது, ஜனவரியில் செமஸ்டர் தொடங்கிவிடும். டிசம்பர் மூன்றாவது வாரம் வந்துவிடுவேன். உன் ரிட்டயர்மென்ட் விழாவை மே மாதம் வைத்தால், கடைசி வாரமாகப் பார்த்து வைக்கச் சொல். எங்கள் பட்டமளிப்பு முடிந்த மறுநாளே நான் விமானம் ஏறிவிடுவேன்.

அம்மாவுக்கு என் அன்பு.

உன் தங்கை