என் வயிற்றை எனக்குப் புரியவைத்தவர்களுக்கு

எட்டு வருடமாக அதை வெறும் கேஸ் ட்ரபிள் என்றுதான் நினைத்திருந்தேன். சாப்பிட்டதும் மேல்வயிற்றில் கனம், விடியற்காலையில் எரிச்சல். வலி பெரிதாக இல்லை, அதனால் நோயும் பெரிதாக இருக்காது என்பது என் கணக்கு. அந்தக் கணக்கைத் திருத்தியவர்களுக்கு இந்த மடல்.

முதலில் எங்கள் டாக்டரம்மா. "எரிச்சலை வச்சு எடை போடாதீங்க. சிலருக்கு எரிச்சல் தாங்காது, உள்ளே பெருசா ஒண்ணும் இருக்காது. சிலருக்கு நேர்மாறு" என்று சொல்லி எண்டோஸ்கோபிக்கு அனுப்பியவர் அவர்தான். அன்று என் தோளைப் பிடித்தபடி "மெதுவா மூச்சு விடுங்கக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்த நர்ஸ் தங்கையையும் மறக்க மாட்டேன்.

இரைப்பையில் ஐந்து இடங்களில் துளித்துளியாகச் சதை எடுத்தார்கள். அதை நுண்ணோக்கியில் பார்த்து எழுதிய மருத்துவரை நான் பார்த்ததே இல்லை. என் நோயின் உண்மையான அளவைச் சொன்னது அவருடைய அரைப் பக்க ரிப்போர்ட்தான். அழற்சி நடுத்தரம். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் மட்டும் சுரப்பிகள் லேசாகத் தேய்ந்திருக்கின்றன. இரைப்பை செல்கள் குடல் செல்களைப்போல மாறிய இடம் எதுவும் இல்லை. இரைப்பையில் தங்கி இந்த அழற்சியை உண்டாக்கும் ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமி இருக்கிறது.

டாக்டரம்மா மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டு விளக்கினார். முதலில் அழற்சி, அப்புறம் சுரப்பித் தேய்வு, அப்புறம் செல் மாற்றம்; அந்த வழியில் வெகு சிலருக்கு, பல வருடம் கழித்து, புற்றுநோய் வரை போகலாம். நான் எங்கே நிற்கிறேன் என்று பேனாவால் புள்ளி வைத்துக் காட்டினார். அந்தப் புள்ளியைப் பார்த்த பிறகுதான் அலட்சியமும் போனது, பயமும் போனது.

அந்தக் கிருமியை ஒழிக்கப் பதினான்கு நாள் மாத்திரை. வாயெல்லாம் கசப்பு. பாதியில் விட்டுவிடாமல் கஞ்சியும் கையுமாக நின்ற அண்ணிக்கு எப்படி நன்றி சொல்வது!

கடைசியாக, கிருமி போய்விட்டதா என்று பார்க்கும் மூச்சுப் பரிசோதனைக்குப் போனபோது "ஆசிட் குறைக்கிற மாத்திரையை நிறுத்தி ரெண்டு வாரம் ஆச்சா?" என்று கேட்ட லேப் பெண். ஆகவில்லை என்றேன். இருக்கிற கிருமியைக்கூட இல்லை என்று காட்டிவிடும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். இரண்டு வாரம் கழித்துப் போனேன். கிருமி இல்லை என்று ரிப்போர்ட்டை நீட்டியபோது என்னைவிட அவர்தான் அதிகம் சிரித்தார். நன்றிம்மா.